நர்சம்மாவின் எஞ்சினைத் திருடியவர்

மீட்டர்காரர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு திருட்டுத்தான் செய்திருக்கிறார். பட்டப்பகலில், சொந்த வீட்டு வாசலில், பொருளுக்குச் சொந்தக்காரியே பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் செய்த திருட்டு அது. அது திருட்டு என்பது அவருக்கே முப்பது வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது. தெரியவைத்த பெருமை தொல்வாகனப் பாதுகாப்பு வாரியத்தையே சேரும்.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் கணக்கெடுத்தவர் என்பதால் ஊருக்கு அவர் மீட்டர்காரர். அவர் மனைவி பிரசவம் பார்க்கும் நர்ஸ். ஊரில் பாதிப் பேரை வெளியே இழுத்துப் போட்டவள் என்பதால் அவள் நர்சம்மா. கல்யாணமான புதிதில், இழுத்து மூடப்பட்ட ஒரு கம்பெனியின் கிடங்கிலிருந்து இருவரும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். பிரிட்டனில் செய்த இலகு ரக வண்டிகள், வாங்கும்போதே இருபது வருஷத்துக்கு மேல் பழசு. சின்ன எஞ்சின், மூன்று கியர், மங்கிய பச்சை நிறம். இரண்டும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருக்கும். ஒன்றின் எண்ணுக்கு அடுத்த எண் மற்றதற்கு. செய்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. அந்த மாதிரியில் உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய வண்டிகள்தான் மிச்சம் என்றும், அடுத்தடுத்த எண்ணில் ஒரு ஜோடி வேறு எங்குமே இல்லை என்றும் பின்னாளில் வந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். மீட்டர்காரருக்கு அதெல்லாம் தெரியாது. காலையில் உதைத்தால் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான் அவர் வண்டியிடம் எதிர்பார்த்தது.

வாங்கி இரண்டு வருஷத்தில் நர்சம்மாவின் எஞ்சின் அடம்பிடிக்க ஆரம்பித்தது. நினைத்தால் கிளம்பும், நினைக்காவிட்டால் கால் ஓய்ந்துபோகும் வரை உதைத்தாலும் அசையாது. மீட்டர் காத்திருக்கும், பிள்ளை காத்திருக்குமா? ஒரு வீட்டில் அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்று சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீட்டர்காரர் இரண்டு வண்டியையும் வாசலில் சாய்த்து, இரண்டு எஞ்சினையும் இறக்கி, தன்னுடைய நல்ல எஞ்சினை அவள் வண்டியில் மாட்டினார். அவளுடைய அடம்பிடிக்கும் எஞ்சினைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டார். வண்டியையே மாற்றிக்கொண்டிருக்கலாம்தான். ஆனால் அவள் குள்ளம். அவளுக்காக சீட்டை இறக்கி, மருந்துப் பை வைக்கப் பின்னால் சட்டம் அடித்து, அந்த வண்டியை அவளுக்கென்றே பழக்கி வைத்திருந்தார்கள். எஞ்சின் என்றால் நாலு போல்ட்டு, ஒரு செயின். சாப்பாட்டு நேரத்துக்குள் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அவள் ஒரு வீட்டுக்கும் தாமதமாகப் போகவில்லை. அவர் மட்டும் ஓய்வு பெறும் வரை தினமும் காலையில் உதைத்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையைத்தான் அவர் பெருமையாக வாரியத்திடம் சொன்னார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

வாரியத்திடம் போக வேண்டி வந்ததற்குக் காரணம் நர்சம்மாவின் இதயம். வால்வு ஒன்று சரியாக மூடவில்லை. அறுவை சிகிச்சை செய்தால் பிழைப்பாள், தள்ளிப்போட்டால் கால் வீங்கும், வீக்கம் மேலே ஏற ஏற அறுவைக்கு உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னார். அப்போது வீக்கம் கணுக்காலில் இருந்தது. கையில் இருந்ததெல்லாம் மருந்துக்கே போய்விட்டது. பெரிய ஓட்டல் ஒன்றின் முதலாளி, வரவேற்பு மேஜைக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக நிறுத்திவைக்க இரண்டு வண்டியையும் கேட்டார். அவர் சொன்ன விலைக்கு அறுவையும் முடிந்து, அவளுக்குக் கொஞ்ச நாள் பால் பழமும் வாங்கலாம். ஒரே ஒரு சிக்கல். ஐம்பது வருஷம் தாண்டிய எந்த வண்டியும் வாரியத்தின் அசல் சான்றிதழ் இல்லாமல் கைமாறக் கூடாது. கைமாறினால் விற்றவர் உள்ளே, வண்டி வாரியத்தின் கொட்டகையில்.

எனவே வாரியத்தின் ஆய்வாளர் வந்தார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கையுறை, கழுத்தில் பூதக்கண்ணாடி. கூடவே பை சுமந்துகொண்டு ஒரு பெண் எழுத்தர். ஆய்வாளர் வண்டிகளைத் தொடவில்லை. அவற்றின் முன் கைகட்டி நின்றார். அதற்கு அறிமுக மௌனம் என்று பெயராம். பழம்பெரும் இயந்திரம் ஒன்றைப் பார்க்கப் போகும் அதிகாரி முதலில் அதன் எதிரே சற்று நேரம் வாய் திறக்காமல் நிற்க வேண்டும் என்பது விதி. அந்த நேரம் பார்த்து உள்ளே நர்சம்மா இருமினாள்.

"உள்ள என்ன சத்தம்?" என்றார் ஆய்வாளர்.

"என் வீட்டுக்காரி சார். உடம்பு சரியில்ல."

"அது எப்ப நிக்கும்? மௌனம் கலைஞ்சுபோச்சு. மறுபடி முதல்லேர்ந்து நிக்கணும்."

மறுபடி நின்றார். மறுபடி இருமினாள். கடைசியில் மீட்டர்காரர் உள்ளே போய் விஷயத்தைச் சொல்ல, நர்சம்மா தலையணையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். அவள் முகம் நீலம் பாரிக்கும் நேரத்தில் மௌனம் நல்லபடியாக நிறைவேறியது.

பிறகு விசாரணை. வண்டிகளை ஆய்வாளர் மரியாதைப் பன்மையில்தான் குறிப்பிட்டார். இவங்களை எங்க தங்க வெச்சிருந்தீங்க, இவங்க மேல மழைத்தண்ணி பட்டதுண்டா, இவங்களை யாராவது கோபமா உதைச்சதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு மீட்டர்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பூதக்கண்ணாடியை வைத்து ஹேண்டிலுக்குக் கீழே இருந்த எண்ணையும் எஞ்சினில் இருந்த எண்ணையும் படித்த ஆய்வாளர், எழுத்தரைப் படிக்கச் சொன்னார், மறுபடி தான் படித்தார். ஒரே வண்டியில் ஒன்றாக இருக்க வேண்டிய இரண்டு எண்களும் மாறியிருந்தன. மீட்டர்காரர் முகமெல்லாம் மலர, அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார்.

ஆய்வாளர் கையுறையைக் கழற்றினார்.

"நீங்க சொன்னதை நான் கேக்காம இருக்கணும்னா, நீங்க சொல்லாம இருந்திருக்கணும்" என்றார். எழுத்தர் பையைத் திறந்து அரக்கும் மெழுகுவர்த்தியும் எடுத்தாள். எஞ்சினைப் பிடித்திருந்த ஒவ்வொரு போல்ட்டின் மேலும் அரக்கை உருக்கி ஊற்றி வாரியத்தின் முத்திரையைக் குத்தினார்கள். இனி ஸ்பேனர் பட்டால் முத்திரை உடையும், முத்திரை உடைந்தால் சிறை. மேற்கொண்டு பேச வாரியத்தின் இயக்குநரைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இயக்குநரின் அறையில் நாற்காலிகள் நிறைய இருந்தன. எல்லாவற்றையும் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. பழைய நாற்காலிகளாம், உட்காரக் கூடாதாம். மீட்டர்காரர் நின்றார். இயக்குநர் நல்ல மனிதர் என்று பார்த்தாலே தெரிந்தது. குரல் உயராது, யாரையும் விரட்ட மாட்டார். அப்படிப்பட்டவர்களிடம் மாட்டிக்கொண்டால்தான் தப்பிக்கவே முடியாது.

"அசல்னா என்னங்க? பிறந்தபடியே இருக்கறது. உங்க வண்டி பிறந்தப்போ அதுக்குள்ள ஒரு எஞ்சின் இருந்துச்சு. இப்ப வேற எஞ்சின் இருக்கு. அதனால அது போலி."

"அந்த எஞ்சின் பக்கத்து வண்டியிலதான் சார் இருக்கு."

"பக்கத்து வண்டியும் போலி. போலிக்குள்ள இருக்கற அசல் வாரியத்தோட கண்ணுக்குத் தெரியாது."

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு போல்ட்டுகூட வெளியே போகவில்லையே என்றார் மீட்டர்காரர். சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் ஜோடி என்று சான்று வேண்டும் என்றார் இயக்குநர். ஜோடி என்று சான்று தர வேண்டுமானால் இரண்டும் தனித்தனியே அசலாக இருக்க வேண்டும். மீட்டர்காரர் சற்று யோசித்து, முத்திரையை எடுத்துவிட்டால் அரை நாளில் எஞ்சின்களை மாற்றி மாட்டிவிடுவதாகச் சொன்னார். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். கெட்ட வார்த்தை காதில் விழுந்தவர் போல இருந்தது.

"அதுக்குப் பேரு பழுதுபார்த்தல். வாரியம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எங்க பாதுகாப்புல இருக்கற ஒரு வண்டியைக்கூட நாங்க ஓட விட்டதில்ல. அந்தப் பேரை நான் கெடுக்க முடியுமா, சொல்லுங்க?"

மீட்டர்காரர் தன் மனைவியின் இதயத்தைப் பற்றிச் சொன்னார், கால் வீக்கத்தைச் சொன்னார், டாக்டர் சொன்னதைச் சொன்னார். இயக்குநர் மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொண்டார்.

"உயிருள்ளதுக்கெல்லாம் வேற துறைங்க" என்றார்.

ஆனாலும் மனசு கேட்காமல் ஒரு வழி சொன்னார். ஒரு வண்டியின் பாகம் திருட்டுப்போய், திருடனிடமிருந்து அதை வாரியமே கைப்பற்றி மறுபடி மாட்டினால் அது பழுதுபார்த்தல் ஆகாது, மீட்பு. மீட்கப்பட்ட வண்டி அசல்தான். சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. எனவே, நர்சம்மாவின் எஞ்சினை மீட்டர்காரர் திருடிவிட்டதாக நர்சம்மா ஒரு புகார் கொடுத்தால் போதும். மீட்புப் பிரிவு வந்து எஞ்சின்களை அவரவர் வண்டியில் சேர்த்துவிடும். இரண்டும் அசலாகிவிடும். அப்புறம் ஜோடி, அப்புறம் சான்றிதழ், அப்புறம் அறுவை.

மீட்டர்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். வழியெல்லாம் யோசித்தும் எதற்காகக் கும்பிட்டோம் என்று அவருக்கு விளங்கவில்லை.

வீட்டில் நர்சம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது. சிரித்து முடித்ததும் மூச்சு வாங்கியது. "இதுக்கா இவ்வளவு முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தீங்க? வரச் சொல்லுங்க அவங்களை. நான் குடுக்கறேன் புகார்" என்றாள். அவள் அப்படித்தான். வலியில் துடித்துக்கொண்டிருந்த எத்தனையோ பெண்களைச் சிரிக்க வைத்தவள்.

ஆய்வாளரும் எழுத்தரும் வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்கள். எஞ்சின் காணாமல் போனதை முதன்முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார்.

"அது காணாம போகும்போதே கவனிச்சேன். நான்தானே ஸ்பேனர் எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தேன்."

எழுத்தரின் பேனா நின்றது. ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். "அப்படிச் சொன்னா நீங்க உடந்தைன்னு ஆயிடும்மா. பயத்துல எடுத்துக் குடுத்தேன்னு சொல்லுங்க."

"இவரைப் பார்த்தா பயமா?" என்று நர்சம்மா கணவனைப் பார்த்தாள். மீட்டர்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகைப் பார்த்ததும் அவள் குரல் மாறியது. "சரிங்க. பயம்தான். எழுதிக்கோங்க."

வேறு என்னென்ன திருடியிருக்கிறார் என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்றாள். அடித்ததுண்டா என்று கேட்டார்கள். திருட்டுப் புகாருக்கு அது எதற்கு என்றாள். புகார் வலுவாக இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும் என்றார் ஆய்வாளர். சீக்கிரம் என்ற சொல்லைக் கேட்டதும் மீட்டர்காரர் ஜன்னலிலிருந்து திரும்பி, "அடிச்சேன்னு எழுதுங்க சார்" என்றார். நர்சம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் மறுபடி சிரிக்கவில்லை.

புகார் உண்மையிலேயே வலுவாக அமைந்துவிட்டது. அதனால் வந்தது வினை. இவ்வளவு கொடூரமான ஒருவரோடு புகார்தாரர் ஒரே வீட்டில் இருப்பதா என்று வாரியத்துக்குக் கவலை வந்துவிட்டது. சாட்சியைக் கலைத்துவிடுவார் அல்லவா? இரண்டு கட்டிலுக்கும் நடுவே சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டின் மேல் ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் ஒரு சாட்சிக் காவலரை உட்கார வைத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் உணவு, மருந்து ஆகிய இரண்டு விஷயங்களுக்கு மட்டும் கோட்டைத் தாண்டலாம். அந்த இரண்டைப் பற்றி மட்டும் பேசலாம். மற்றதைப் பேசினால் காவலர் எழுதிவைத்து வாரியத்துக்கு அனுப்ப வேண்டும்.

முதல் நாள் மீட்டர்காரர், "தலைகாணியை உயர்த்தி வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் காவலரைப் பார்த்தார். தலையணை உணவா மருந்தா என்று காவலருக்கும் தெரியவில்லை. அலுவலகத்துக்குப் போன் போட்டார். மறுநாள் பதில் வந்தது, தலையணை தளவாடம் என்று. தளவாடத்துக்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும்.

காவலர் வயதானவர், காது கேட்க மிஷின் வைத்திருந்தார். சில நாள் போனதும், நர்சம்மா கணவன் பக்கம் முகத்தைத் திருப்பும்போதெல்லாம் அவர் மிஷினைக் கழற்றி, மடியில் துண்டை விரித்து, அதை நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தார். அத்தனை அழுக்கு சேரும் காது உலகத்தில் இல்லை. அந்த வாரியத்தின் சம்பளம் வாங்கியவர்களில் அந்த ஒருவரைத்தான் இந்தக் கதையில் மன்னிக்க முடிகிறது.

வீக்கம் முழங்காலைத் தொட்டது. மீட்புப் பிரிவு வரவில்லை. மீட்டர்காரர் இயக்குநரின் அறையில் போய் மறுபடி நின்றார்.

இயக்குநரின் முகத்தில் உண்மையான வேதனை தெரிந்தது. மதிப்பீட்டுக் குழுவுக்கு அனுப்பினோம், அங்கேதான் சிக்கல் என்றார். திருடியவருக்கு லாபம் இருக்க வேண்டும் அல்லவா? இங்கே திருடியவர் நல்ல எஞ்சினை விட்டுவிட்டுக் கெட்ட எஞ்சினை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அதோடு முப்பது வருஷம் அதை உதைத்து அவதிப்பட்டிருக்கிறார்.

"நஷ்டப்படறதுக்காக ஒருத்தன் ஏன் திருடணும்? குழுவுல இருக்கறவங்க எல்லாம் பெரிய படிப்புப் படிச்சவங்க. உக்காந்து உக்காந்து யோசிச்சுட்டாங்க. யாருக்கும் காரணம் பிடிபடலை."

"அவளுக்கு வண்டி கிளம்பணும்னுதான் சார்."

"அதைத்தான் நீங்க முதல் நாளும் சொன்னீங்க. அதுல உங்களுக்கு என்ன வந்துச்சுன்னுதான் கேக்கறேன்."

 தனக்கு என்ன வந்தது என்று மீட்டர்காரரும் அதுவரை யோசித்ததில்லை. அவள் காலையில் வந்து, ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவாள். சில நாள் இரட்டை என்பாள். அதைக் கயிறு கட்டிய நாற்காலிகளுக்கு நடுவே நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? ஒன்றும் வரவில்லை என்று சொன்னார். அப்படியானால் காரணமற்ற திருட்டு, மேல்குழுவுக்குத்தான் போக வேண்டும் என்றார் இயக்குநர். மேல்குழு கூடுவதற்குத் தலைவர் வேண்டும், தலைவர் ஒரு பழைய கப்பலைப் பார்க்கப் போயிருக்கிறார், அதன் எதிரே மௌனமாக நின்றுகொண்டிருக்கிறார், கப்பல் பெரிது என்பதால் மௌனமும் நீளம்.

அன்று வீட்டுக்கு வந்தவர் வண்டிகளை நிறுத்தியிருந்த கொட்டகைக்குள் போய் ஸ்பேனரை எடுத்தார். அரக்கு முத்திரையின் மேல் அதை வைத்தார். ஒரு தட்டுத் தட்டினால் போதும், நாலு போல்ட்டு, ஒரு செயின். பிறகு உள்ளே இருமல் சத்தம் கேட்டது. தன்னைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் அவளுக்கு மருந்து யார் கொடுப்பது என்று நினைத்து ஸ்பேனரைக் கீழே வைத்தார். அப்போது அவருக்கு வந்த அழுகை கோபத்தில் வந்ததா பயத்தில் வந்ததா என்று சொல்ல முடியாது. இரண்டும்தான்.

டாக்டர் வந்து பார்த்தபோது வீக்கம் தொடைக்கு ஏறியிருந்தது. இனி அறுவை வேண்டாம் என்றார். வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று மீட்டர்காரர் கேட்கவில்லை. நர்சம்மாவும் கேட்கவில்லை. அவளுக்குத் தொழிலே அதுதானே.

அதற்கடுத்த ஒரு காலையில் காவலர் தானாகவே மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். மீட்டர்காரர் கோட்டைத் தாண்டிப் போய் அவள் கட்டிலில் உட்கார்ந்தார். அவள் அவர் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, உங்களைத் திருடன்னு எழுதிக் குடுத்துட்டேனே. அடிச்சீங்கன்னு வேற இருக்கு அதுல."

"நான்தானே எழுதச் சொன்னேன்."

"நாளைக்கு யாராவது படிச்சா நிஜம்னு நினைச்சுக்குவாங்க."

"யாரும்மா படிக்கப் போறா அதை?"

 "அந்த எஞ்சின் ஒருநாள்கூட என்னை நடுவழியில விட்டதில்லங்க" என்றாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காவலர் சாக்பீஸ் கோட்டைத் தன் செருப்புக் காலால் தேய்த்து அழித்துவிட்டுப் போனார்.

வாரியத்திலிருந்து அடுத்த வாரமே போன் வந்தது. இயக்குநரே பேசினார். நல்ல செய்தி, நேரில் வாருங்கள், வண்டிகளை ஏற்றிவர லாரி அனுப்புகிறோம், சின்னதாக ஒரு விழாவும் ஏற்பாடு செய்திருக்கிறோம் என்றார். மீட்டர்காரர் போனார். போகாமல் வீட்டில் என்ன செய்வது? அந்த வீட்டில் இரண்டு கட்டில் இருந்தது.

விழா வாரியத்தின் முற்றத்தில் நடந்தது. பின்னால் பெரிய துணி கட்டி, நடுவில் இரண்டு வண்டியையும் கழுவி நிறுத்தியிருந்தார்கள். போல்ட்டுகளின் மேல் அரக்கு இல்லை. ஓட்டல் முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சுருக்கெழுத்தாளர் ஒருவர் நடப்பதையெல்லாம் பதிவு செய்ய மேஜை போட்டுத் தயாராக இருந்தார். இயக்குநர் பேசினார்.

"சட்டம் இரக்கமில்லாததுன்னு சிலர் சொல்றாங்க. இந்த வழக்கைப் பாருங்க. திருட்டுக் குடுத்தவங்க இறந்துட்டாங்க. அவங்க சொத்து இப்ப கணவருக்கு வருது. அதாவது ரெண்டு வண்டிக்கும், ரெண்டு எஞ்சினுக்கும் ஒரே சொந்தக்காரர். தன் பொருளைத் தானே ஒருத்தர் திருட முடியாது. ஒரே சொந்தக்காரரோட பாகங்கள் அவரோட எந்த வண்டியில இருந்தாலும் அது இடமாற்றம், போலி இல்ல. ஆக எல்லாமே அசல். இவ்வளவு சுலபமான தீர்வு, முதல் வாரத்துலயே நடந்திருந்தா நமக்கெல்லாம் எவ்வளவு அலைச்சல் மிச்சமாகியிருக்கும்! இருந்தாலும் வாரியம் பொறுமையா காத்திருந்தது. பலன் கிடைச்சுது."

கைதட்டினார்கள். சான்றிதழை மீட்டர்காரரின் கையில் கொடுத்தார்கள். கனமான தாள், ஓரத்தில் தங்கப் பூச்சு. அவர் அதைப் படிக்கவில்லை.

பிறகு போட்டோ. மீட்டர்காரரைத் தன் வண்டியில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். போட்டோக்காரர் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு பக்கம் காலியாக இருக்கிறது, பார்க்க நன்றாக இல்லை என்றார். ஜோடி வண்டி அல்லவா? இயக்குநர் சுற்றும்முற்றும் பார்த்து எழுத்தரைக் கூப்பிட்டார். பிறகு அவருக்கு இன்னொன்று தோன்றியது. ஆய்வாளரின் வெள்ளைக் கோட்டைக் கழற்றி எழுத்தருக்குப் போடச் சொன்னார். "இப்ப நர்ஸ் மாதிரியே இருக்கு" என்றார் சந்தோஷமாக. எழுத்தர் இருபக்கமும் பார்த்துக்கொண்டே போய் அந்த வண்டியில் ஏறினாள். அவள் உயரமானவள். இறக்கி வைத்த சீட்டில் உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் ஹேண்டிலில் இடித்தது.

மீட்டர்காரர் தன் வண்டியிலிருந்து இறங்கினார்.

"இறங்கும்மா. அது அவ வண்டி."

குரல் பெரிதாக இல்லை. ஆனாலும் முற்றம் முழுக்கக் கேட்டது. எழுத்தர் சட்டென்று இறங்கிவிட்டாள். சுருக்கெழுத்தாளரின் கை ஓடியது. இயக்குநர் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார்.

"அப்படிச் சொல்லாதீங்க. பதிவாகுது. இப்ப அது உங்க வண்டி. அதை வெச்சுத்தான் சான்றிதழே."

"அவ வண்டிங்க அது."

"சரி, துக்கத்துல பேசறீங்க, புரியுது. ஆனா அது அவங்களோடதுன்னா, அவங்க எஞ்சின் உங்க வண்டிக்குள்ள இருக்குதே. மறுபடியும் திருட்டுன்னு ஆயிடும். யோசிச்சுப் பேசுங்க."

ஓட்டல் முதலாளி எழுந்து வந்து, பெரியவரே, கையில் வந்ததை ஏன் கெடுத்துக்கொள்கிறீர்கள், ஒரு போட்டோதானே என்றார். மீட்டர்காரர் அவரைப் பார்க்கவில்லை. கையில் இருந்த சான்றிதழை இயக்குநரிடம் நீட்டினார். இயக்குநர் அதை வாங்கிக்கொள்ளத் தயங்கினார், பிறகு வாங்கிக்கொண்டார். வாரியத்தின் சொத்து அல்லவா?

"திருட்டுன்னு எழுதாதீங்க. அவளை வெச்சு ஒரு தடவை எழுதினது போதும்" என்றார் மீட்டர்காரர். "நான் அவளுக்குக் குடுத்தேன்னு எழுதுங்க."

"குடுத்தேன்னா? விலைக்கா?"

"சும்மா."

இயக்குநர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் சட்டப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். திருட்டு இருந்தது, மீட்பு இருந்தது, இடமாற்றம் இருந்தது. இருவரும் தலையோடு தலை முட்டப் பக்கங்களைப் புரட்டினார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அப்படி ஒரு பிரிவு கிடைப்பதாகத் தெரியவில்லை, தேட நாளாகும், நீங்கள் போய்விட்டு இன்னொரு நாள் வாருங்கள் என்று இயக்குநர் நயமாகச் சொல்லிப் பார்த்தார்.

மீட்டர்காரர் இரண்டு வண்டிக்கும் நடுவே தரையில் உட்கார்ந்தார்.

"தேடுங்க சார். எனக்கு இனிமே அவசரம் ஒண்ணும் இல்ல."